பிரஷ்ஷின் கழுத்து

பெயின்ட் வேலை முடிந்து ஆட்கள் போன மறுநாள் காலையில், துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஐந்து பிரஷ், முடி கீழே, பிடி மேலே. வாளியில் ஊற்றி வைத்திருந்த தண்ணீர் ராத்திரியே ஏதோ விரிசல் வழியாக வடிந்துபோயிருக்க வேண்டும். அடியில் உறைந்த தயிர் மாதிரி ஒரு வெள்ளைப் படலம். ஒரு பிரஷ்ஷைப் பிடித்துத் தூக்கினேன். வாளியும் சேர்ந்து எழுந்தது.

துணியைக் கொடியில் போட்டுவிட்டு அந்த வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு இஞ்ச் இரண்டு, மூன்று இஞ்ச் ஒன்று, இவை சுவருக்கு எமல்ஷன் அடித்தவை. இரண்டு இஞ்ச் இரண்டு, ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் எனாமல் அடித்தவை. பத்து நாளைக்கு முன்னால் என் கண் எதிரே கவரைப் பிரித்துப் புதிதாக எடுத்த பிரஷ்கள். ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டபோது, யோசிக்காமலே கட்டை விரல் முடியின் அடிப்பக்கத்துக்குப் போய், தகட்டை ஒட்டி அழுத்தியது. கல்.

முடியைத் தகடு கவ்விப் பிடிக்கிற அந்த இடத்தை அப்பா கழுத்து என்று சொல்வார். வேறு பெயின்டர்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அவராகவே வைத்த பெயராக இருக்கலாம். “நுனியப் பாத்து ஏமாந்துறாத தாயி. நுனி சுத்தமாத்தான் தெரியும். எல்லாம் கழுத்துலதான் கெடக்கும்” என்பார்.

மதுரை செல்லூரில் ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. பின்பக்கம் ஆறு குடும்பத்துக்குப் பொதுவான அடிபம்பு. சாயந்திரம் ஆறு மணி வாக்கில் அப்பாவின் சைக்கிள் வந்து நிற்கும். ஹேண்டில் பாரில் ஒரு தூக்கு தொங்கும், அதில்தான் அன்றைக்கு வேலை செய்த பிரஷ்கள் ஈரத்துணி சுற்றிக் கிடக்கும். அவர் சட்டையைக் கழற்றி முகம் கழுவும் முன்னால் அந்தத் தூக்கு என் கைக்கு வந்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு முன்னால் பிரஷ். அம்மா பம்பு அடிப்பாள், நான் குத்தவைத்துக் கழுவுவேன், தம்பி கொடியில் மாட்டுவான். ஐந்தாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் இதுதான் என் சாயந்திரம்.

டிஸ்டெம்பர் பிரஷ் கழுவுவது சுலபம் என்று தோன்றும். ஓடுகிற தண்ணீரில் காட்டினால் நுரையும் நிறமும் வழிந்து ஓடி, இரண்டு நிமிடத்தில் முடி வெள்ளையாகிவிடும். அங்கே நிறுத்தினால் தவறு. பிரஷ்ஷை உள்ளங்கையில் நிறுத்தி, முடி நாலா பக்கமும் விரியும்படி அமுக்கிச் சுற்ற வேண்டும். அப்புறம் கட்டை விரலைக் கழுத்தில் வைத்து நுனி நோக்கி நீவ வேண்டும். உள்ளிருந்து பால் மாதிரி ஒரு கோடு கசியும். கழுவி, மறுபடி நீவு. மறுபடி பால். ஏழு எட்டுத் தரம் ஆனபிறகுதான் வெறும் தண்ணீர் வரும். வந்ததும் பிரஷ்ஷை அப்பாவிடம் நீட்டுவேன். அவர் டீ குடித்துக்கொண்டே ஒரு கையால் வாங்கி, கழுத்தில் ஒரே ஒரு அழுத்து அழுத்துவார். துளி வெள்ளை தெரிந்தாலும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். திட்டியதே இல்லை. அந்தத் திருப்பிக் கொடுத்தல் எனக்குத் திட்டைவிட உறைக்கும்.

கழுத்தில் ஏன் அவ்வளவு அக்கறை என்று பின்னால்தான் புரிந்தது. பிரஷ் சாவது நுனியில் இல்லை. கழுத்தில் ஒரு நாள் தங்கிய பெயின்ட் காய்ந்து ஆப்பு மாதிரி உட்காரும். மறுநாள் அதன்மேல் இன்னொரு படி. ஆப்பு பெருக்கப் பெருக்க, குவிந்து நிற்க வேண்டிய முடி வெளிப்பக்கம் பிதுங்கி, விளக்குமாறு மாதிரி விரிந்துவிடும். விரிந்த பிரஷ்ஷால் நேர்கோடு இழுக்க முடியாது. அதனால்தான் பெயின்ட்டில் முக்கும்போதும் முடியின் பாதிக்கு மேல் நனையவிட மாட்டார் அப்பா. புதிதாக வேலைக்கு வந்த பையன் தகடு வரைக்கும் முக்கினால், வேலையை நிறுத்திவிட்டு அவன் கையிலிருந்து வாங்கித் துடைத்துக் கொடுப்பார். காலையில் வேலை தொடங்குமுன் பிரஷ்ஷை ஒரு தரம் தண்ணீரில் நனைத்து உதறிவிடுவதும் அதற்குத்தான். கழுத்துக்குள் முதலில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொண்டால், பெயின்ட் அங்கே ஏறிப் பிடிக்கத் தயங்கும். எனாமல் அடிக்கிற பிரஷ் என்றால் தண்ணீருக்குப் பதில் டர்பன்டைன்.

நான் இப்போது பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வாளியைப் பார்த்தபோது, பாடத்தில் வரும் ஒரு படம்தான் முதலில் மனதுக்கு வந்தது. எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகள். தண்ணீர் ஆவியாகப் போகப் போக உருண்டைகள் நெருங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே தோலாகிவிடும். தோலான பிறகு எத்தனை குடம் ஊற்றினாலும் கரையாது. எனாமல் இன்னும் பிடிவாதம். அதிலிருக்கும் டர்பன்டைன் ஆவியாவது முதல் கட்டம்தான். அப்புறம் எண்ணெய்ப் பசை காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் பின்னிக்கொள்ளும். பின்னல் முடிந்துவிட்டால் டர்பன்டைனே அதைக் கரைக்காது. ஆக இரண்டிலும் நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அப்பாவுக்கு இந்த விளக்கம் தெரியாது. அந்தக் கொஞ்ச நேரம் எவ்வளவு என்பது மட்டும் கையில் தெரியும்.

தாத்தாவுக்கும் கொஞ்ச நேரம்தான். அவர் வெள்ளையடித்தவர். மதுரையில் காளவாசல் என்று ஒரு பகுதியே இருக்கிறது, காளவாசல் என்றால் சூளை. கிளிஞ்சலைச் சூளையில் ஏறக்குறைய 900 டிகிரிச் சூட்டில் நீற்றினால், உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு ஆகும். அதைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றும்போது, அடுப்பே இல்லாமல் தொட்டி கொதிக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கமே விட மாட்டார்கள். கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும். ஒரு ராத்திரி ஊறிய சுண்ணாம்பை வடிகட்டி, ஒட்டுவதற்குக் கஞ்சிப்பசையும், பளிச்சென்று தெரிய நீலமும் கலந்து அடிப்பார்கள். சுவரில் ஏறிய சுண்ணாம்பு காற்றிலிருந்து அதே கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். கிளிஞ்சலாக இருந்தது சுவரில் கிளிஞ்சலாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். தாத்தாவின் பிரஷ்ஷான மட்டையிலும் அதேதான் நடக்கும். சாயந்திரம் அலசாமல் விட்ட மட்டை காலையில் சிப்பி.

தாத்தாவின் பிரஷ்ஷுக்கு மட்டை என்றுதான் பெயர். தாழை விழுதை முழ நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைக் கல்லில் வைத்துத் தட்டித் தட்டி நாராக்கி, தண்ணீரில் ஊறவைத்துக் கயிற்றால் கட்டுவார். அவர் செய்வதை நான் பார்த்தது நாலைந்து தரம் இருக்கும். அலசிய மட்டையை எரவாணத்தில் செருகுவார், வெயிலில் வைக்க மாட்டார். வெயிலில் நார் முறுகி ஒடியும் என்பார். அவர் போனபிறகும் ஒரு மட்டை ரொம்ப நாள் எரவாணத்தில் இருந்தது. அப்புறம் ஓட்டை மாற்றித் தளம் போட்டபோது அதுவும் போனது.

இனி எனாமல் பிரஷ் கழுவிய கதை. எனாமல் பிரஷ்ஷைத் தண்ணீரில் கழுவ முடியாது. டர்பன்டைன் வேண்டும், விலை கட்டாது. எனவே சீமெண்ணெய். ரேஷனில் மாதத்துக்கு ஒரு தரம் வரிசையில் நின்று வாங்குவதுதான் அம்மாவின் ஸ்டவ்வுக்கும் அப்பாவின் பிரஷ்ஷுக்கும். பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் ஊரெல்லாம் கதவு ஜன்னல் அடிக்கச் சொல்லும்போது, எங்கள் வீட்டில் சீமெண்ணெய்ச் சண்டை வரும். “சோறு பொங்கவா, ஒங்க பிரஷ்ஷக் குளிப்பாட்டவா?” என்று அம்மா கேட்பாள். அப்பா பதில் சொல்ல மாட்டார். பிரஷ் காய்ந்தால் அடுத்த வாரம் பொங்கச் சோறு இருக்காது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அந்தச் சண்டையில்தான் பாட்டில் வழி பிறந்தது. முதலில் பிரஷ்ஷை டப்பா விளிம்பில் நன்றாக வழித்துவிட வேண்டும். அப்புறம் பழைய பேப்பரில் முன்னும் பின்னும் இழுத்து, நிறம் மங்கும்வரை துடைக்க வேண்டும். பாதிப் பெயின்ட் இதிலேயே போய்விடும். இதைச் செய்யாமல் நேராக எண்ணெய்க்குள் விடுவதுதான் பெரிய வீண். பிறகு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் சீமெண்ணெய், ஒரு முழுக்கு. இரண்டாவது கொட்டாங்குச்சியில் இன்னும் கொஞ்சம் சுத்தமான எண்ணெய், இரண்டாவது முழுக்கு. மூன்றாவதில் தெளிந்த எண்ணெய். கடைசியில் பார் சோப்பும் தண்ணீரும், எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை. அழுக்கான எண்ணெயைக் கொட்டக் கூடாது. கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மூடி, அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத மூலையில் ஆடாமல் வைத்தால், இரண்டு மூன்று நாளில் நிறமெல்லாம் அடியில் படிந்து, மேலே எண்ணெய் தெளியும். தெளிந்ததை மெதுவாகச் சரித்து எடுத்து அடுத்த பிரஷ்ஷின் முதல் முழுக்குக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே எண்ணெய் நாலைந்து தரம் வரும்.

பின்வாசல் மாடக்குழியில் அப்படி மூன்று பாட்டில்கள். அவற்றின் அடியில் படிந்ததை நான் உட்கார்ந்து பார்ப்பேன். ஆகக் கீழே ஒரு கரும்பச்சைப் பட்டை. தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் வீட்டு வாசல் கேட். அதற்கு மேல் விரல் கனத்துக்கு வானநீலம், ஒரு பள்ளிக்கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம். அதன்மேல் மெல்லியதாகக் காவி. மறுபடி பச்சை. ஒரு வருஷத்தில் அப்பா அடித்த கதவும் ஜன்னலும் வரிசை மாறாமல் அந்தப் பாட்டிலில் இருக்கும். எந்தப் பட்டை எந்த வீடு என்று கேட்டால் அவர் சரியாகச் சொல்வார். கிணறு வெட்டும்போது மண்ணின் நிறம் மாறி மாறி வருவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது தெரியும். பாட்டில் நிறைந்ததும் உடைத்து எறிந்துவிடுவார்கள். ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கே எறிந்தோம் என்று நினைக்கும்போது மனது சங்கடப்படுகிறது. பாட்டில் அடிச்சேறு சாக்கடை ஓரத்துக்குப் போனது. டிஸ்டெம்பர் கழுவிய தண்ணீர் முருங்கை மரத்துக்குப் போனது, அந்தக் கீரையைத்தான் தின்றோம். அந்தக் காலத்து எனாமலிலும், இரும்புக் கம்பிக்கு முதலில் அடிக்கிற ஆரஞ்சு நிற பிரைமரிலும் ஈயம் இருந்தது. வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி போட்டு, 2017 நவம்பரில் அது அமலுக்கு வந்தது. அதற்குள் அப்பா வேலையை விட்டே பல வருஷம் ஆகியிருந்தது. பழைய கம்பியை உப்புத்தாள் போட்டு உலர உலரத் தேய்த்து, அந்தத் தூளோடு வீட்டுக்கு வருவார். அம்மா சட்டையை வாசலில் உதறுவாள், தம்பி அங்கேதான் தவழ்ந்து விளையாடினான். பழைய வீட்டில் கம்பி தேய்க்கிறவர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூளைப் பறக்கவிடாதீர்கள், அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள் என்பது. பிரஷ் கழுவிய தண்ணீரையும் இப்போது நான் ஒரு வாளியில் தெளியவைத்து, அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்துப் பேப்பரில் கட்டிக் குப்பையில் போடுகிறேன்.

எண்ணெய்த் துணி இன்னொரு பயம். தேக்குக் கதவுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிற வேலை ஒன்று வந்தது, காரைக்குடிப் பக்கம், பெரிய வீடு. மூன்று நாள் தங்கி வேலை பார்த்துவிட்டு, எண்ணெய் துடைத்த துணிகளை ஒரு சாக்கில் அமுக்கிக் கட்டிக்கொண்டு அப்பா ராத்திரி வீடு வந்தார். சாக்கு பின்வாசலில் கிடந்தது. நடுராத்திரியில் ஏதோ கருகும் வாடை. பாட்டிதான் முதலில் எழுந்தாள். அடுப்பு அணைந்திருக்கிறது, விளக்கு இல்லை, பீடி இல்லை. சாக்கின் நடுவிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். பேய் வேலை என்று பாட்டி மறுநாள் திருஷ்டி கழித்தாள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது ஆக்சிஜனை இழுக்கும், இழுக்கையில் சூடு வரும். துணி விரிந்து கிடந்தால் சூடு காற்றில் போய்விடும், சுருட்டி அமுக்கினால் போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சி வேண்டாம். கல்லூரி முதல் வருஷத்தில் இதைப் படித்த அன்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். அதற்குள் அம்மா தானாகவே, எண்ணெய்த் துணி எதுவானாலும் வேலியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் எறிவது என்று வழக்கப்படுத்தியிருந்தாள்.

பாட்டியைச் சொன்னதும் ஆயுத பூஜை நினைவுக்கு வருகிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பாவின் சாமான் மொத்தமும் நடுவீட்டுக்கு வரும். பட்டி பார்க்கும் தகடுகளைத் துரு போகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவிக் காக்கித் துணியில் வரிசையாக வைப்பார். சாரக்கயிறுகளை முழம் முழமாகக் கையால் உருவி, பிரி விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிரி விட்ட கயிறு அன்றோடு கொடிக்கயிறு ஆகிவிடும். பிரஷ்கள் தாம்பாளத்தில். பாட்டிக்கு அதில் ஒரு மனத்தாங்கல். நல்ல பிரஷ் பன்றி முடி, அதைச் சாமி முன்னால் வைப்பதா என்பாள். அப்பா ஒரு முடியைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார். அடி தடித்து, மேலே போகப் போக மெலிந்து, நுனியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருந்தது. “இந்தப் பிளவுலதான்த்தா பெயின்ட் நிக்கிது. இது இல்லேன்னா வழிஞ்சு ஓடிரும். இதுதான் நமக்குச் சோறு போடுது.” பாட்டி அதற்குமேல் பேசவில்லை. சந்தனத்தைத் தானே குழைத்து மரப்பிடியில் மட்டும் வைத்தாள். முடியில் படக் கூடாது என்று அவளுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

பன்றி முடி தண்ணீரைக் குடித்துத் தளர்ந்துவிடும். அதனால் அது எனாமலுக்கும் வார்னிஷுக்கும். தண்ணீர்ப் பெயின்ட்டுக்கு நைலான் முடி விறைப்பாக நிற்கும். நைலானைப் பூச்சி சீண்டாது, பன்றி முடியை அந்துப்பூச்சி தின்னும். மழைக்காலத்தில் வேலை இல்லாத இரண்டு மாதம் அந்தப் பிரஷ்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து, முடியைச் சீப்பால் சீவி, பேப்பரில் சுற்றி, தகரப்பெட்டியில் ஒரு அந்துருண்டையோடு வைப்பார். பேப்பரை நுனி மடங்காமல் சுற்றும் வேலை என்னுடையது. வழவழப்பான காலண்டர் தாள்தான் நன்றாக நிற்கும். மடிப்பு சரியாக விழுந்தால் முடி உளி மாதிரி உருக்கொண்டு காயும். நான் சுற்றுவதைப் பார்த்து, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதுபோல இருக்கிறது என்று அம்மா சொல்வாள்.

ஈரமாக நிறுத்தி வைப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். நாளைக்கும் அதே நிறம்தான், எதற்குக் கழுவ வேண்டும் என்று டப்பாவில் நிறுத்திவிட்டுப் போவார்கள். பிரஷ்ஷின் கனம் முழுக்க முடி நுனியில் இறங்கும், விடிவதற்குள் வளைந்துவிடும். தண்ணீர் ஏறி மரப்பிடி உப்பும், தகடு துருப்பிடிக்கும். அப்பா பிடியில் துளை போட்டு ஒரு கம்பியைச் செருகி, டப்பா வாயில் குறுக்கே கம்பி தங்கும்படி மாட்டுவார். முடி எண்ணெயில் முழுகியிருக்கும், ஆனால் அடியைத் தொடாது. ஒரு ராத்திரிக்குத்தான் என்றால் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றி வைத்தாலே போதும்.

மிச்சப் பெயின்ட்டையும் அப்படித்தான் பார்த்துக்கொள்வார். டப்பா விளிம்புப் பள்ளத்தில் நிற்கும் பெயின்ட்டைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மூடிமேல் மரக்கட்டை வைத்துத் தட்டுவார். பாலின்மேல் படிவதுபோல எனாமல்மேலும் ஆடை படியும். மூடுவதற்குமுன் இரண்டு ஸ்பூன் டர்பன்டைனைக் கலக்காமல் மேலாக ஊற்றினால் ஆடை கட்டாது. மூடிமேல் வீட்டுக்காரர் பேரும் எந்த அறை என்பதும் ஆணியால் கீறியிருக்கும். அந்தப் பெயின்ட் டப்பாக்களில் நெற்றியில் முடி புரளும் ஒரு குறும்புக்காரப் பையன் இருப்பான், ஒரு கையில் டப்பா, ஒரு கையில் பிரஷ். அவன் பெயர் ‘கட்டு’, ஏஷியன் பெயின்ட்ஸுக்காக 1954-ல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது. எனக்கு அவன்மேல் ஆசை, கூடவே ஒரு குறை. அவன் வயசுதான் எனக்கும். அவன் பிரஷ் கழுவுகிற மாதிரி ஒரு படம்கூட நான் பார்த்ததில்லை.

ரோலர் எங்கள் வீட்டுக்கு வந்தது நான் ஒன்பதாவது படிக்கும்போது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. வேகத்தை ஒத்துக்கொண்டார், அது குடிக்கிற பெயின்ட்டை ஒத்துக்கொள்ளவில்லை. கழுவுவதற்கு முன் பட்டித் தகட்டின் முதுகால் வழித்தால் ஒரு டம்ளர் எமல்ஷன் வரும். அலசியபிறகு குழலை ஒரு குச்சியில் செருகி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மோர் கடைவதுபோலக் கடைந்தால் தண்ணீர் சிதறிப் போகும். நாங்கள் மூவரும் நனைவோம். நிறுத்தித்தான் காயவைக்க வேண்டும். படுக்கவைத்தால் ஒரு பக்கத்து மயிர் அமுங்கி, அடுத்த சுவரில் பட்டை பட்டையாக விழும்.

மறுபடி வாளிக்கு வருகிறேன். எனக்குப் பெயின்ட் அடித்த பையன்கள்மேல் கோபம் வரவில்லை. கணக்கு மாறியிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு நல்ல நாலு இஞ்ச் பிரஷ் ஒரு நாள் கூலி. இன்றைக்கு ஒரு பெயின்டர் அரை மணி நேரம் நின்று கழுவும் கூலியில் சாதாரண பிரஷ் ஒன்று வாங்கிவிடலாம். கான்ட்ராக்ட் எடுத்தவர் ஒவ்வொரு வீட்டுக்கும் புதுசு வாங்கிப் போட்டுவிடுகிறார். கழுவச் சொல்லி யாரும் நேரம் கொடுப்பதில்லை, ஆறு மணி ஆனதும் வேன் ஏறியாக வேண்டும். ஆனால் அப்பாவின் கணக்கிலும் ஒரு இடம் காலியாக இருந்தது என்று எனக்கு வெகு நாள் தெரியவில்லை. அவருடைய கூலி சாயந்திரம் ஐந்தரைக்கு முடிந்தது. பிரஷ் கழுவிய நேரம் எந்த வீட்டுக்காரர் கணக்கிலும் வரவில்லை. பம்பு அடித்த அம்மாவுக்கும், சீமெண்ணெயில் ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்ட எனக்கும் யாரும் கூலி போடவில்லை. அப்பாவின் பிரஷ் ஆறு வருஷம் ஏழு வருஷம் உழைத்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். உழைத்தது உண்மை. அந்த உழைப்பில் எங்கள் கை இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எழுதி வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கக் கூலி பேசுகிறவர்கள், சாயந்திரம் கடைசி அரை மணி நேரத்தைக் கழுவுவதற்கு என்று விட்டுக்கொடுத்தால், இவ்வளவு பிளாஸ்டிக் முடியும் தகடும் குப்பைக்குப் போகாது. அடுத்த வீட்டுச் சுவருக்கும் பழகிய பிரஷ் கிடைக்கும்.

பழகிய பிரஷ் என்று சும்மா சொல்லவில்லை. புதுப் பிரஷ் முதலில் முடி உதிர்க்கும், அதைப் பிரைமருக்குத்தான் தருவார் அப்பா. உதிர்ந்து ஓய்ந்ததும் சுவருக்குப் போகும். இரண்டு மூன்று வருஷம் தேய்ந்து நுனி ஒரு சாய்வுக்கு வந்தபிறகுதான், சுவரும் கூரையும் சேரும் மூலையில் கோடு இழுக்கும் தகுதி அதற்கு வரும். டேப் ஒட்டாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் ஆறடிக் கோடு போடுவார். இன்னும் தேய்ந்தால் தூசு தட்ட. கடைசியில் தம்பியின் கையில் பசை தடவ. ஒரு பிரஷ் எந்த வயதில் எந்த வேலைக்கு லாயக்கு என்று அவர் பேசும்போது, குடும்பத்தில் யாரையோ பற்றிப் பேசுவது போலவே இருக்கும்.

எனாமல் பிரஷ் இரண்டும் ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. மேலே தோல் கட்டியிருந்தாலும் உள்ளே இளக்கம் இருந்தது. டர்பன்டைனில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டு, பழைய சீப்பால் கழுத்திலிருந்து நுனிக்குச் சீவியதும் வழிக்கு வந்துவிட்டன. எமல்ஷன் பிரஷ்களுக்கு வினிகரைச் சூடாக்கி, முடி முழுக முக்கால் மணி நேரம் வைத்தேன். நாலு இஞ்ச் இரண்டில் ஒன்று தேறவில்லை, சீப்புப் பட்டதும் முடி கொத்தாகக் கழன்றது. மற்றொன்றும் மூன்று இஞ்ச்சும் தோல் உரிவதுபோல உரிந்தன. கத்தி முனையால் தகட்டோரம் மட்டும் மெல்லச் சுரண்டினேன்.

மதியம் ஏணி எடுக்க அந்தப் பையன்களில் ஒருவன் வந்தான். மாடிக் குழாயடியில் நான் குத்தவைத்திருப்பதைப் பார்த்து, “டீச்சர், அத நாங்க தூக்கித்தான் போடுவோம்” என்றான்.

“தெரியும்ப்பா. இந்தா, புடி. உள்ளங்கைல வச்சு அமுக்கு.”

தயங்கித்தான் உட்கார்ந்தான். அமுக்கினான். நீவினான். தெளிந்த தண்ணீர் வந்தது. போதுமா என்று என்னைப் பார்த்தான். வாங்கிக் கழுத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். உள்ளிருந்து மெல்லிய பால்கோடு ஒன்று கசிந்து என் விரல்மேல் இறங்கியது. ஒன்றும் சொல்லாமல் அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.